உள்வீட்டு அந்நியர்கள்

'டிபெண்டன்ட்' என்ற சொல்லை நம்மூர்ப் பெண்களுக்கு அகராதி வைத்து விளக்க வேண்டியதில்லை. அலுவலக மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் அது ஒரு கட்டம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் கணவனோடு போகிறவளின் எச்-4 விசாவுக்குப் பேச்சுவழக்கில் அதுவே பெயர்: "டிபெண்டன்ட்ல போயிருக்கா." போகிறவள் பொறியியல் படித்தவளாக இருக்கலாம், அவனைவிட அதிகம் சம்பாதித்தவளாகவும் இருக்கலாம். விசா அதையெல்லாம் கேட்பதில்லை. அவன் அங்கே இருக்கிறான் என்பதுதான் அவள் அங்கே இருப்பதற்கான ஒரே காரணம். அவனுடைய வேலை போனால் அவளுடைய இருப்பும் போகும்.

இதே சொல்லை நிலங்களுக்கும் வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் தன் கையில் எஞ்சிய தீவுகளை நெடுங்காலம் காலனி என்றது. 1980களில் 'சார்பு நிலப்பகுதி' என்று பெயர் மாற்றியது. 2002இல் அதுவும் கூச்சமாக இருந்ததோ என்னவோ, சட்டம் போட்டுக் 'கடல்கடந்த நிலப்பகுதி' ஆக்கிக்கொண்டது. பெயர் மாறியதே தவிர ஆளுநரை லண்டன்தான் அனுப்புகிறது. தன்னாட்சி பெறாதவை என்று ஐ.நா. வைத்திருக்கும் பட்டியலில் இன்றும் 17 பகுதிகள் இருக்கின்றன. ஜிப்ரால்டர், பெர்முடா, குவாம், நியூ கலிடோனியா, டோகெலாவ், மேற்கு சஹாரா என்று நீளும் அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை தீவுகள். இவற்றை ஆள்வோரின் கடமை ஐ.நா. சாசனத்தின் 73ஆம் பிரிவில் இருக்கிறது: அங்கே வாழ்கிறவர்களின் நலனே முதன்மை, அதைக் காப்பது ஒரு புனிதப் பொறுப்பு. பெண்ணைத் தகப்பனும் கணவனும் மகனும் முறைவைத்துக் காக்க வேண்டும் என்று மனு எழுதியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொனி பழகியதுதான்.

ஆனால், காப்பவன் கெட்டவன் என்று சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. சார்ந்திருப்பதில் அப்படி என்ன தவறு? பெண்ணியம் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடங்களில் ஒன்று, சாராதவர் என்று எவரும் இல்லை என்பது. குழந்தை சாரும், நோயாளி சாருவார், முதுமை சாரும். யாரையும் நம்பி நான் இல்லை என்று சொல்கிற ஆணின் சட்டையை யாரோ துவைத்து மடித்து வைத்திருப்பார்கள். எல்லோரும் சார்ந்திருக்கிறோம் என்றால், சிலரை மட்டும் 'சார்ந்தவர்' என்று பெயரிட்டு அழைக்கும்போது என்ன நடக்கிறது?

1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலில் வந்து இறங்கினார் இசபெல் கொன்சாலஸ். வயது இருபது இருக்கும். கர்ப்பமாக இருந்தார், திருமணம் ஆகியிருக்கவில்லை, மணக்கவிருந்தவரைத் தேடி வந்திருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1898இல், ஸ்பெயினைப் போரில் தோற்கடித்து அமெரிக்கா அவருடைய தீவை எடுத்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டு வந்தவர்கள் அமெரிக்கர்கள்தான். ஆனாலும் எல்லிஸ் தீவின் அதிகாரிகள் அவரை அந்நியர் என்று நிறுத்தினார்கள். கணவன் இல்லாத கர்ப்பிணி அரசுக்குப் பாரமாகிவிடுவாள் என்பது அவர்கள் கணக்கு. இசபெலின் சித்தப்பா முறை உறவினர் ஒருவர் வழக்குத் தொடுத்தார், அது உச்ச நீதிமன்றம் வரை போனது.

அந்த நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டுதான் இன்னொரு வழக்கை முடித்திருந்தது. அது ஆரஞ்சுப் பழங்களைப் பற்றியது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த பழங்களுக்கு 659 டாலர் சுங்கம் வசூலித்தார்கள். ஒரே நாட்டுக்குள் வரும் பழத்துக்குச் சுங்கம் ஏன் என்று வணிகர் கேட்டார். தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல என்று தீர்ப்பு வந்தது. சர்வதேச அர்த்தத்தில் அது அந்நிய நாடு இல்லையாம், உள்வீட்டு அர்த்தத்தில் அந்நியமாம். நீதிபதி ஒருவர் உண்மையிலேயே இப்படித்தான் எழுதினார். சட்ட மாணவர்கள் இதை ஒரு விசித்திரமாகப் படிக்கிறார்கள். புகுந்த வீட்டில் 'வந்தவள்', பிறந்த வீட்டில் 'போனவள்' என்று இரண்டு பக்கமும் பெயர் வாங்கிய பெண்ணுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியாது.

இசபெலின் வழக்கில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது தீர்ப்பு அல்ல. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, பிணையில் வெளியே இருந்த அவர் தன் காதலரை மணந்துகொண்டார். மணமானதும் நாட்டில் தங்கும் உரிமை வந்துவிட்டது. அதாவது, ஒருவனின் மனைவி என்ற கதவு வழியாக அவர் உள்ளே போயிருக்கலாம். வழக்கும் அத்தோடு முடிந்திருக்கும். அவர் திருமணத்தை மறைத்தார். மனைவியாக அல்லாமல், தன் தீவின் மக்களில் ஒருவராக, குடிமகளாக உள்ளே போக வேண்டும் என்பதற்காக வழக்கைத் தொடர்ந்தார். 1904 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது: புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் அந்நியர் அல்ல. குடிமக்களா? அதைப் பற்றி நீதிமன்றம் வாய் திறக்கவில்லை. குடியுரிமை 1917இல் நாடாளுமன்றச் சட்டமாக வந்தது. இன்றுவரை தீவில் வாழ்கிறவர்கள் அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்க முடியாது. வாஷிங்டனில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதி இருக்கிறார்; அவையில் பேசலாம், சட்டங்களின் மீதான இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு இல்லை. வறுமையில் உள்ள முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசு தரும் உதவித்தொகையைத் தீவில் வாழ்கிறவர்களுக்கு மறுப்பது செல்லும் என்று 2022இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் மறுத்து எழுதியவர் ஒருவர் மட்டுமே: சோனியா சோட்டோமயோர், புவேர்ட்டோ ரிக்கோப் பெற்றோரின் மகள்.

இப்படிப்பட்ட நிலத்தில் பெண்ணுடல் என்னவாகிறது? மாத்திரையின் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 1950களில் கருத்தடை மாத்திரையை உருவாக்கிய கிரெகரி பின்கஸும் ஜான் ராக்கும் மாசசூசெட்ஸில் இருந்தார்கள். அங்கே கருத்தடைக்குச் சட்டத்தடை இருந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் இல்லை. 1956இல் ரியோ பியெத்ராஸ் என்ற இடத்தில் ஓர் அரசுக் குடியிருப்பின் பெண்களிடம் மாத்திரை கொடுக்கப்பட்டது. இன்றைய மாத்திரைகளைவிடப் பல மடங்கு வீரியம். இது இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து என்பது பலருக்குச் சொல்லப்படவில்லை. தலைசுற்றல், வாந்தி, தலைவலி என்று பெண்கள் சொன்னார்கள். களத்தில் இருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே 17 சதவீதம் பேருக்குப் பக்கவிளைவுகள் இருப்பதாகவும், பொதுப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதல்ல என்றும் எழுதினார். பின்கஸோ, பெரும்பாலும் மனப்பிரமை என்று நினைத்தார். 1960இல் அமெரிக்க அரசு மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது. உலகப் பெண்களின் விடுதலை வரலாற்றில் அந்த ஆண்டை நாம் கொண்டாடுகிறோம். நானும்தான். அந்தக் குடியிருப்பின் படிக்கட்டுகளில் வாந்தியெடுத்தவர்களின் பெயர் அந்த வரலாற்றில் இல்லை.

அறுவைச் சிகிச்சை இதைவிடச் சிக்கலானது. 1937இல் தீவில் ஒரு சட்டம் கருத்தடை அறுவையை அனுமதித்தது. எந்த மாதிரி மனிதர்கள் பிள்ளை பெறலாம் என்று தீர்மானிக்கும் இனமேம்பாட்டு வாரியம் ஒன்றையும் அது ஏற்படுத்தியது. 1960 வரை அந்தச் சட்டம் இருந்தது. 1965இல் தீவு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 20 முதல் 49 வயது வரையிலான தாய்மார்களில் மூன்றில் ஒருவருக்கு அறுவை ஆகியிருந்தது. அங்கே அதற்குப் பெயரே 'லா ஒபெராசியோன்', அந்த ஆபரேஷன். அடைமொழி தேவையில்லை, எது என்று எல்லோருக்கும் தெரியும். நம்மிடமும் 'ஆபரேஷன் பண்ணிக்கிட்டா' என்றால் என்ன ஆபரேஷன் என்று யாரும் கேட்பதில்லை.

இதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டால் எழுதுவது எளிது. கட்டாயப்படுத்தியதும் ஏமாற்றியதும் நடந்திருக்கின்றன. ஆனால் பெண்கள் தாங்களே கேட்டு வந்ததும் நடந்தது. நியூயார்க்கில் வாழும் புவேர்ட்டோ ரிக்கோப் பெண்களிடம் நெடுங்காலம் பழகி ஆய்வு செய்த ஐரிஸ் லோபஸ், 2008இல் வெளிவந்த தன் நூலில் இவர்களை வெறும் பலியாட்களாக எழுத மறுத்தார். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்பது அவர்களின் சொந்த முடிவு. கணவனின் சம்மதத்தை எதிர்பார்க்காமல் செய்யக்கூடிய ஒரே காரியமாகவும் சிலருக்கு அது இருந்தது. ஆனால் அந்த முடிவை எடுக்க அவர்கள் முன் வைக்கப்பட்ட வழிகள் எத்தனை? குழந்தைகள் காப்பகம் இல்லை, நல்ல மருத்துவம் இல்லை, நம்பகமான வேறு கருத்தடை கையெட்டும் தூரத்தில் இல்லை, அறுவை மட்டும் தாராளமாகக் கிடைத்தது. ஒரே ஒரு கதவு திறந்திருந்த அறையிலிருந்து அந்தக் கதவு வழியாக வெளியேறியவளிடம், உன் விருப்பம்தானே என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாள். பொய்யும் சொல்லவில்லை.

சம்மதத்தைப் பற்றிய இந்தச் சங்கடம் நிலங்களின் விஷயத்திலும் அப்படியே வருகிறது, ஆனால் எதிர்த்திசையிலிருந்து. டோகெலாவ் பசிபிக்கில் மூன்று பவளத்தீவுகள். மக்கள்தொகை சுமார் 1,500. விமான நிலையம் கிடையாது, சமோவாவிலிருந்து கப்பலில்தான் போக வேண்டும். நியூசிலாந்தின் ஆளுகையில் இருக்கிறது. 2006இல் சுயாட்சிக்கு மாறலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. மாறும்படி ஐ.நா. ஊக்குவித்தது, ஆள்கிற நியூசிலாந்தும் ஊக்குவித்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 60 சதவீதமே கிடைத்தது. அடுத்த ஆண்டு மறுபடி நடத்தினார்கள். இம்முறை 16 வாக்குகள் குறைந்தன.

விடுதலையை வாசலில் கொண்டுவந்து வைத்தும் வேண்டாம் என்கிறார்களே என்று ஐ.நா. அதிகாரிகளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு அந்த முகபாவம் நன்றாகத் தெரியும். விவாகரத்து வேண்டாம், வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று ஒரு பெண் சொல்லும்போது நம் கூட்டங்களில் சில முகங்களில் அது வரும். அவளுக்கு விழிப்புணர்வு போதாது என்போம். டோகெலாவ் மக்களுக்கோ கணக்கு தெளிவாக இருந்தது. அவர்களின் உறவினர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். மருத்துவம், மேற்படிப்பு, குடியுரிமை எல்லாம் அங்கேதான். கடல்மட்டம் உயர்ந்தால் போகவேண்டிய இடமும் அதுதான். இவற்றுக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று சொல்லப்பட்டாலும், கையில் இருப்பதை விட்டு வாக்குறுதியைப் பிடிக்கத் தயங்கினார்கள். இதை அடிமைப் புத்தி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விடுதலை என்பதும் பிறர் நமக்காக முடிவுசெய்து கொடுப்பதாக இருந்தால், அதை மறுப்பதும் ஒரு சுயநிர்ணயம்தான்.

அப்படியானால் என் பழைய கேள்விக்கு வருகிறேன். சார்ந்திருப்பது தவறில்லை, சார்ந்திருக்க முடிவுசெய்வதும் தவறில்லை என்றால், தவறு எங்கே? மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இலேயே ஒரு பாதையைக் காட்டினார். நல்ல கணவனின் தயவில் வாழ்கிறவளும் தயவில்தான் வாழ்கிறாள் என்பது அவர் வாதத்தின் சாரம். அவன் அடிக்காமல் இருப்பதல்ல விஷயம். அடிக்க நினைத்தால் தடுக்க எதுவும் இருக்கிறதா என்பதே விஷயம். டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இருந்தது. ஊழல் என்று காரணம் காட்டி 2009இல் பிரிட்டன் அதன் அரசியல் சட்டத்தின் பகுதிகளை நிறுத்திவைத்து, ஆளுநர் மூலம் 2012 வரை நேரடியாக ஆண்டது. ஊழல் உண்மைதான். ஆனால் பிரிட்டனின் சொந்த நாடாளுமன்றத்தில் ஊழல் வெளிப்பட்டால் யாரும் அதைக் கலைத்துவிட்டு வெளியிலிருந்து ஆளுநரை அனுப்புவதில்லை. நார்ஃபோக் தீவின் சட்டமன்றத்தை ஆஸ்திரேலியா 2015இல் கலைத்தது. தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்று அதே ஆண்டு தீவின் வாக்கெடுப்பில் 68 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். புவேர்ட்டோ ரிக்கோவின் வரவுசெலவை 2016இலிருந்து மேற்பார்க்கும் ஏழு பேர் வாரியத்தில் தீவு மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவரும் இல்லை. எச்-4 விசாவில் போன சில பெண்களுக்கு 2015இல் வேலை செய்ய அனுமதி கிடைத்தது நினைவிருக்கும். சட்டமாக அல்ல, நிர்வாக விதியாக. அடுத்து வந்த ஆட்சி அதைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. கடைசியில் பெறவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் வேலையில் இருந்த ஒவ்வொருத்தியும் தன் மேசையில் எப்படி உட்கார்ந்திருப்பாள்?

கொடுத்த கையே எடுக்கலாம் என்ற இந்த ஏற்பாட்டின் கடைசி எல்லை சாகோஸ் தீவுகள். இந்தியப் பெருங்கடலில், மாலத்தீவுக்குத் தெற்கே. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், பின்னர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் தென்னந்தோப்புகளில் உழைத்துத் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். மொரீஷியஸுக்கு விடுதலை கொடுப்பதற்குச் சுமார் இரண்டரை ஆண்டு முன்பு, 1965 நவம்பரில், பிரிட்டன் இந்தத் தீவுகளை அதிலிருந்து பிரித்துப் புதிய நிலப்பகுதி ஒன்றை உண்டாக்கியது. உலகம் காலனிகளைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் புதிதாய்ப் பிறந்த காலனி. டியாகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் வேண்டியிருந்தது, ஆட்கள் இல்லாத தீவாக.

73ஆம் பிரிவின் புனிதப் பொறுப்பு நிலையாக வாழும் மக்களுக்குத்தான். ஆகவே நிலையாக வாழும் மக்கள் இல்லை, இருப்பவர்கள் வந்துபோகும் கூலிகள் என்று காகிதத்தில் எழுதினார்கள். 1966இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி ஒருவர் கோப்பில் ஒரு வேடிக்கை செய்தார். கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி யாரும் இருக்கக் கூடாது, பறவைகளுக்கு இன்னும் ஐ.நா.வில் குழு கிடையாது, பெண்கள் நிலைமைக் குழு பறவைகளின் உரிமையைக் கவனிப்பதில்லை என்று எழுதினார். ஆங்கிலக் கொச்சையில் இளம்பெண்ணுக்குப் 'பறவை' என்று பெயர். இன்னொரு அதிகாரி அதே தொனியில் பதில் எழுதினார்: பறவைகளோடு பூர்வீகம் தெரியாத சில டார்சான்களும் இருக்கிறார்களாம். ஒரு மக்கள் கூட்டத்தையே இல்லாமல் ஆக்கும் கோப்பில் பெண்ணைக் கேலி செய்யும் சிலேடை வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. யாருடைய நிலையைப் பற்றிப் பேச வேண்டியதில்லையோ, அவர்கள் எல்லோரும் அந்த ஆண்களின் மனதில் ஒரே அலமாரியில் இருந்தார்கள்.

1968க்கும் 1973க்கும் இடையில் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். மருத்துவத்துக்காக மொரீஷியஸ் போனவர்களிடம் திரும்பிவரக் கப்பல் இல்லை என்றார்கள். டியாகோ கார்சியாவில் வீட்டு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து நச்சுப்புகையிட்டுக் கொன்றார்கள். போர்ட் லூயிஸின் சேரிகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் தங்களில் பலரும் 'சக்ரென்' வந்து செத்ததாகச் சொல்வார்கள். அவர்கள் மொழியில் அது ஆழ்ந்த துக்கம். சான்றிதழில் எழுத முடியாத மரணக் காரணம்.

எதிர்ப்பைத் தொடங்கி நடத்தியவர்கள் பெண்கள். லிசெட் தலாத், ஷார்லேசியா அலெக்ஸிஸ் போன்றவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வீதியில் அமர்ந்தார்கள், கைதானார்கள். அந்த அழுத்தத்தில்தான் 1982இல் பிரிட்டன் 40 லட்சம் பவுண்டு தர ஒத்துக்கொண்டது. பணத்தோடு ஒரு படிவமும் வந்தது. ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று சட்ட ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கிரியோல் பேசும், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அதில் கைநாட்டு வைத்தார்கள். பின்னாளில் அதையே காட்டிச் சம்மதம் இருந்தது என்றார்கள். 2000இல் வழக்கில் வென்றும், 2004இல் அரசியின் பெயரால் பிறப்பித்த ஆணை ஒன்று திரும்பும் வழியை மறுபடி அடைத்தது. நாடாளுமன்றத்தில் விவாதமே இல்லை. தலாத் 2012இல் மொரீஷியஸில் இறந்தார்.

2021 அக்டோபரில் அந்தத் தீவுக்குச் சில மனிதர்கள் தற்செயலாக வந்து சேர்ந்தார்கள். கனடா நோக்கிப் புறப்பட்ட இலங்கைத் தமிழர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. படகு பழுதாகி, பிரிட்டிஷ் கப்பல் மீட்டு டியாகோ கார்சியாவில் விட்டது. கூடாரங்களில், வேலிக்குள், எலிகளோடு மூன்று ஆண்டு. அகதிகள் உடன்படிக்கை பிரிட்டனுக்குப் பொருந்தும், இந்த நிலப்பகுதிக்குப் பொருந்தாது என்பது அரசின் நிலைப்பாடு. 1901இன் ஆரஞ்சு வழக்கை இங்கே மறுபடி படிக்கலாம்: தீவு பிரிட்டனுக்குச் சொந்தம், பிரிட்டனின் பகுதி இல்லை. தன்னை மாய்த்துக்கொள்ள முயன்ற சிலரைச் சிகிச்சைக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு அழைத்துவந்தார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் அந்நிலப்பகுதியின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பிறந்தவர்களை உள்ளே விடாத தீவு, வந்தவர்களை வெளியே விடாமல் வைத்திருந்தது.

சாகோஸைப் பிரித்தது சட்டத்துக்கு மாறானது என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸின் பக்கம் வாக்களித்தன, 6 நாடுகள் எதிராக. ஆறு ஆண்டு கழித்து, 2025 மே 22 அன்று, தீவுகளை மொரீஷியஸுக்குத் தருவதாகப் பிரிட்டன் ஒப்பந்தம் செய்தது. டியாகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் தளமாகவே தொடரும். பேச்சுவார்த்தை இரண்டு அரசுகளுக்கு இடையே நடந்தது. சாகோஸ் மக்களுக்கு அந்த மேசையில் இடம் இல்லை. அவர்களில் மொரீஷியஸை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று அவர்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

கையெழுத்தாக வேண்டிய அன்று அதிகாலை, டியாகோ கார்சியாவில் பிறந்து பிரிட்டனில் வாழும் இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. எங்களைக் கேட்கவில்லை என்பதே அவர்கள் மனு. சில மணி நேரத்தில் தடை விலக்கப்பட்டது. அன்றே கையெழுத்தானது. வெளித்தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு ஒப்பந்தம் அனுமதி தருகிறது. அந்த இருவரும் பிறந்த தீவு அதில் சேராது.